கையெழுத்து மட்டும் போதுமா?

சமையல் பழகும் பெண் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டால், இலையில் உட்கார்ந்ததும் தெரிந்துவிடும். தையல் பழகும் பையன் சட்டையைத் தப்பாக வெட்டிவிட்டால், போட்டுப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஆனால், பேச்சு வராத ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்லப் பழகும் இளைஞர் தவறு செய்தால்?

குழந்தை சொல்லாது. இளைஞருக்கும் தெரியாது. பெற்றோர் அந்த அறையில் இருப்பதில்லை.

பிறகு அந்தத் தவறைக் கண்டுபிடிப்பது யார்?

அதற்காகத்தான் மேற்பார்வையாளர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். அவர் தம் வேலையைச் சரியாகச் செய்தால் குழந்தை பிழைக்கும். அவர் காகிதத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போனால், அதன் விலையைக் கொடுப்பது குழந்தைதான்.

அமெரிக்காவில் "நடத்தைப் பகுப்பாய்வு" என்ற தொழில் வேகமாக வளர்ந்திருக்கிறது. அங்கே இன்று இதுதான் பெரிய கேள்வி.

அது என்ன தொழில்?

பெயர் பெரியது. விஷயம் எளியது.

ஒரு செயலைச் செய்த பிறகு என்ன கிடைக்கிறதோ, அதைப் பொறுத்து அந்தச் செயல் கூடும், அல்லது குறையும். இதை ஆராய்ந்து விளக்கியவர் அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர். 1904இல் பிறந்து 1990இல் மறைந்தவர். அவருடைய கருத்துக்களை வைத்து, மற்றவர்கள் அதை ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிகளிலும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பேசவும், உடுத்தவும், விளையாடவும் கற்றுக்கொடுப்பது இன்று இந்தத் தொழிலின் பெரும் பகுதி.

ஒரு சிறுவனை எடுத்துக்கொள்ளலாம். வயது ஐந்து. பேச்சு வரவில்லை. "பல் தேய்க்கலாம், வா" என்றால் அலறுகிறான். கற்றுக்கொடுக்க வந்த இளைஞர் மனம் இளகுகிறார். "பாவம், பிறகு தேய்க்கலாம்" என்று பிரஷ்ஷை எடுத்து வைத்துவிடுகிறார். அலறல் நிற்கிறது.

இளைஞருக்குத் திருப்தி. தாம் அன்பாக நடந்துகொண்டதாக நினைக்கிறார்.

ஆனால், சிறுவன் கற்றுக்கொண்டது என்ன? "அலறினால் தப்பிக்கலாம்" என்பதைத்தான்! மறுநாள் இன்னும் உரக்க அலறுவான். ஒரு மாதம் போனால், வீடே நடுங்கும்.

தேர்ந்த மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்தால் என்ன செய்வார்? முதலில், "இவனுக்குப் பல்வலியா? பற்பசை எரிகிறதா?" என்று பார்க்கச் சொல்வார். வலி இருந்தால் பல் டாக்டரிடம் அனுப்புவார். வலி இல்லையென்றால், அலறாமலே "கொஞ்சம் பொறு" என்று கேட்கும் வழியை அவனுக்குக் கற்றுக்கொடுப்பார். கையைக் காட்டலாம், ஒரு படத்தை எடுத்துக் கொடுக்கலாம். கையைக் காட்டியதும் பிரஷ்ஷை விலக்கி, ஓய்வு தரச் சொல்வார். அலறல் செய்த வேலையைக் கை செய்துவிடும். பிறகு அலறல் எதற்கு?

அதே அறை. அதே சிறுவன். அதே இளைஞர். பார்க்கும் கண் ஒன்று கூடியது. பலன் தலைகீழாக மாறிவிட்டது!

நர்சுகள் அறியாமல் செய்தது

நல்ல மனம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு.

கனடா நாட்டில் சஸ்காச்சுவான் மாகாணம். அங்கே வேபர்ன் என்ற ஊரில் ஒரு பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கிருந்த ஒரு பெண் நோயாளி, நர்சுகளின் அறைக்குள் அடிக்கடி நுழைந்துவிடுவார். இரண்டு ஆண்டுகளாக இதே தொல்லை. நர்சுகள் சொல்லிப் பார்த்தார்கள். கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். சில நேரம் தள்ளியும் விட்டார்கள். பயன் இல்லை.

அய்லான், மைக்கேல் என்ற இரண்டு அறிஞர்கள் முதலில் ஒரு காரியம் செய்தார்கள். எத்தனை முறை வருகிறார் என்று எண்ண வைத்தார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 16 முறை!

பிறகு நர்சுகளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "அவர் உள்ளே வந்தால் பேசாதீர்கள், கவனிக்காதீர்கள், உங்கள் வேலையைப் பாருங்கள்." ஏழாவது வாரத்தில் அந்த எண்ணிக்கை ஒரு நாளைக்கு 2 ஆகக் குறைந்துவிட்டது.

அந்தப் பெண்ணை வரவழைத்தது எது? நர்சுகள் காட்டிய கவனம்! அதட்டலும் கவனம்தான்; கையைப் பிடிப்பதும் கவனம்தான். நர்சுகள் கெட்டவர்கள் அல்ல. தங்கள் செயலே தொல்லையை வளர்க்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து ஒருவர் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இந்த ஆராய்ச்சி 1959இல் வெளிவந்தது. இந்தத் தொழிலின் முதல் பாடங்களில் ஒன்று. வேலை செய்பவருக்குத் தம் வேலை முழுவதும் கண்ணில் படாது என்பதே அந்தப் பாடம்.

மயாமியில் நடந்த கொடுமை

பார்க்க ஆள் இல்லாமல் போனால் எவ்வளவு தூரம் போகும்? அதற்கும் சான்று உண்டு. அது கசப்பான சான்று.

அமெரிக்காவில் புளோரிடா மாகாணம். மயாமி நகரில் சன்லாண்டு என்ற பயிற்சி இல்லம் இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அங்கே "நடத்தையைத் திருத்தும் திட்டம்" என்ற பெயரில் ஒரு திட்டம் நடந்தது.

1972இல் உண்மை வெளிவந்தது. தங்கியிருந்தவர்களை அடித்திருக்கிறார்கள். நீண்ட நேரம் கட்டிப் போட்டும், தனியே அடைத்தும் வைத்திருக்கிறார்கள். இழிவான சொற்கள் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். நிபுணர் கமிட்டி ஒன்று போய் விசாரித்தது.

இதைச் செய்தவர்கள் யார்? சரியான பயிற்சி இல்லாத ஊழியர்கள். "திட்டம்" என்று சொன்னதை நம்பிச் செய்தவர்கள். அவர்கள் செய்வதை, விஷயம் தெரிந்த ஒருவர் அன்றாடம் நேரில் பார்க்கவில்லை. தண்டனை கொஞ்சம் கொஞ்சமாகக் கடுமையாகிக்கொண்டே போனது. தடுக்க ஆள் இல்லை.

"உடையவன் பாராப் பயிர் உருப்படாது" என்பார்கள். பயிர் மட்டுமா?

அந்த அதிர்ச்சிக்குப் பிறகு புளோரிடா அரசாங்கம் விழித்துக்கொண்டது. விதிகள் எழுதப்பட்டன. இந்த வேலைக்கு வருபவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று கொடுக்கும் முறை பிறந்தது. அந்த வேரிலிருந்து, 1998இல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரு சான்றளிப்புச் சபை ஏற்பட்டது. மேற்பார்வை பற்றிய விதிகளை இன்று வகுப்பது அந்தச் சபைதான்.

விதி என்ன சொல்கிறது?

2022இல் நடப்புக்கு வந்த விதிகள் இவை.

முழுத் தகுதி பெற்ற பகுப்பாய்வாளர் ஆக வேண்டுமா? மேற்படிப்பு வேண்டும். அதோடு 2,000 மணி நேரம் களத்தில் பழக வேண்டும். அதில் மாதந்தோறும் 100க்கு 5 பங்கு நேரம் மேற்பார்வையில் இருக்க வேண்டும். 100க்கு 10 பங்கு மேற்பார்வை பெற்றால், 1,500 மணி நேரம் போதும். மாதம் ஒரு முறையாவது, அவர் வேலை செய்வதை மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் அவருக்கு உறவினராக இருக்கக் கூடாது. அவருக்குக் கீழே வேலை செய்பவராகவும் இருக்கக் கூடாது.

குழந்தையோடு தினமும் உட்காரும் உதவியாளர்கள் வேறு. அந்தப் பதவி 2014இல் ஏற்பட்டது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு வேண்டும். 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். அவர்களுக்கும் வேலை நேரத்தில் 100க்கு 5 பங்கு மேற்பார்வை உண்டு.

விதிகள் நல்லவைதான். ஆனால், கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்று புரியும்.

மாதம் 100 மணி நேரம் பழகுபவருக்கு 5 மணி நேரம் மேற்பார்வை. அதில் பாதி வரை, பலரைச் சேர்த்து உட்கார வைத்து நடத்தும் கூட்டமாக இருக்கலாம். மிச்சம் இரண்டரை மணி நேரம்தான் தனியாகக் கிடைப்பது. மற்ற 95 மணி நேரமும் மேற்பார்வை இல்லாத நேரம்!

ஆகவே, அந்த 5 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாதக் கடைசியில் இருவரும் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். படிவங்களை 7 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. எத்தனை மணி என்பதைப் படிவம் சொல்லும். எப்படிப் போனது அந்த மணி என்பதைச் சொல்லுமா?

சொல்வது ஒன்று, செய்து காட்டுவது ஒன்று

மேற்பார்வை செய்வதில் பல வழிகள் உண்டு.

ஒரு வகையினர் சொல்வதோடு நின்றுவிடுவார்கள். புத்தகத்தைக் கொடுப்பார்கள், சொற்பொழிவு செய்வார்கள், "புரிந்ததா?" என்று கேட்பார்கள். "புரிந்தது" என்று பதில் வரும். எல்லாம் முடிந்தது! நீந்துவது எப்படி என்று கரையில் நின்று பேசிவிட்டு, குளத்தில் தள்ளுவதைப் போன்றது இது.

இன்னொரு வழி நாலு படிகள் கொண்டது. இந்தத் துறையில் பலமுறை சோதித்துப் பார்த்துப் பலன் கண்ட வழி.

முதல் படி, செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்வது. இரண்டாவது, மேற்பார்வையாளரே செய்து காட்டுவது. மூன்றாவது, பழகுபவரைச் செய்ய வைப்பது. நாலாவது, எது சரி, எது தவறு என்று உடனே சொல்வது. சரியாக வரும் வரையில் மூன்றாவது படியையும் நாலாவது படியையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இது புதிய வித்தையா? இல்லை. தவில் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் இதைத்தான் செய்கிறார். பேத்திக்கு முறுக்குச் சுற்றக் கற்றுக்கொடுக்கும் பாட்டியும் இதைத்தான் செய்கிறாள். எந்தப் பாட்டியும் முறுக்கைப் பற்றிச் சொற்பொழிவு செய்துவிட்டுப் படுக்கப் போவதில்லை!

நாலாவது படியில்தான் பல மேற்பார்வையாளர்கள் தவறுகிறார்கள். "பரவாயில்லை, நன்றாகச் செய்கிறீர்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கேட்பதற்கு இனிப்பாக இருக்கும். ஆனால், எதை நன்றாகச் செய்தார்? எதை மீண்டும் செய்ய வேண்டும்?

"குழந்தை கையை நீட்டியதும், நேரம் கடத்தாமல் பந்தைக் கொடுத்தீர்கள். அது சரி. ஆனால், அது பார்க்கும் முன்பே மூன்று முறை கேள்வி கேட்டீர்கள். ஒரு முறை கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்." இப்படிச் சொன்னால்தான் அடுத்த நாள் வேலை மாறும்.

எண்ணிப் பார்க்கும் கண்

பார்ப்பது என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அல்ல. எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தன்னைத் தானே அடித்துக்கொண்டது என்று பழகுபவர் குறிக்கிறார். மேற்பார்வையாளரும் பக்கத்தில் உட்கார்ந்து தனியே குறிக்கிறார். ஒருவர் ஏட்டை ஒருவர் பார்ப்பதில்லை. பிறகு ஒப்பிடுகிறார்கள். ஒருவர் கணக்கு 10, மற்றவர் கணக்கு 8. பொருத்தம் 100க்கு 80. ஒருவர் 10, மற்றவர் 4 என்றால்? எங்கோ பிசகு. எதை "அடி" என்று கொள்வது என்பதிலேயே இருவருக்கும் வேறுபாடு இருக்கலாம். கணக்குத் தவறினால், குழந்தை முன்னேறுகிறதா, பின்னேறுகிறதா என்பதே தெரியாமல் போகும்.

இன்று படக்கருவி வழியாகத் தூரத்திலிருந்தே பார்க்கும் வசதியும் வந்துவிட்டது. பெரிய உதவிதான். ஆனால், படக்கருவி காட்டும் மூலை மட்டுமே அதில் தெரியும். அறையின் சத்தமும், குழந்தையின் கை நடுக்கமும் அதில் முழுவதும் வந்துவிடுமா? நேரில் போவதற்கு அது துணையாக இருக்கலாம். நேரில் போகாமல் இருப்பதற்குச் சாக்காக ஆகிவிடக் கூடாது.

பயந்தவர் மறைப்பார்

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியில் தெரியாத சிக்கல்.

மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டால்தான் பழகுபவருக்கு மணிக் கணக்கு சேரும். கணக்கு சேர்ந்தால்தான் தேர்வு எழுதலாம். தேர்வில் தேறினால்தான் பதவி, சம்பளம். ஒருவர் பேனா முனையில் இன்னொருவர் பிழைப்பு தொங்குகிறது!

அந்த நிலையில், "இன்று அவசரத்தில் குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன்" என்று எந்த இளைஞர் வாய் திறப்பார்? திட்டுவார் என்று தெரிந்தால் மறைப்பார். மறைத்த தவறு வளரும்.

ஆகவே, தவறைச் சொல்ல வருபவரைக் கடிந்துகொள்ளும் மேற்பார்வையாளர், தம் கண்ணைத் தாமே கட்டிக்கொள்கிறார். நடத்தை விதியைப் படித்தவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா? உண்மையைச் சொன்னதற்குத் திட்டு கிடைத்தால், உண்மை குறையும். அவர் கற்றுக்கொடுக்கும் பாடமே அதுதானே!

குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் மூடி மறைக்க வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. வேலையை உடனே நிறுத்த வேண்டும். பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். ஆனால், அது வெளியே வருவதற்கு வழி திறந்திருக்க வேண்டும்.

குழந்தையின் விருப்பம்

இந்தத் தொழிலைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு.

லோவாஸ் என்ற பேராசிரியர் 1987இல் ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சியை வெளியிட்டார். 19 குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி. கற்றுக்கொடுத்தவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். 9 குழந்தைகள் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பைத் தேறினார்கள் என்று அவர் எழுதினார். உலகமே வியந்தது. ஆனால், உரக்க அதட்டுவதும், தொடையில் அடிப்பதும் அந்த முறையில் இருந்தன.

ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர் இன்று கேட்கிறார்கள்: "எங்களை மற்றவர்களைப் போல நடிக்க வைத்தீர்களே, எங்கள் மனம் என்ன பாடுபட்டது என்று யாராவது பார்த்தீர்களா?"

நியாயமான கேள்வி. 2022இல் நடப்புக்கு வந்த அந்தச் சபையின் ஒழுக்க விதிகள், பயிற்சி பெறுபவரின் இசைவையும் மதிக்கச் சொல்கின்றன. பேச்சு வராத குழந்தையும் "வேண்டாம்" என்று சொல்லும். முகத்தைத் திருப்பும், விலகும், அழும். அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது யார் வேலை? மேற்பார்வையாளர் வேலைதான். புத்தகத்தில் அதற்குப் படம் போட்டு மாளாது. பக்கத்தில் இருந்து, "அதோ பாருங்கள், தோள் சுருங்குகிறது, நிறுத்துங்கள்" என்று காட்ட வேண்டும்.

ஏன் நடப்பதில்லை?

இவ்வளவும் தெரிந்த விஷயம்தான். பிறகு ஏன் கையெழுத்தோடு நின்றுவிடுகிறது?

ஆள் தேவை பெருகிவிட்டது. ஆட்டிசச் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் பணம் தர வேண்டும் என்ற ஏற்பாடு, 2019க்குள் அமெரிக்காவின் 50 மாகாணங்களுக்கும் வந்துவிட்டது. நல்ல ஏற்பாடு. ஏழைக் குழந்தைக்கும் வழி பிறந்தது. ஆனால், நிலையங்கள் புற்றீசல் போல முளைத்தன. 2024 இறுதியில் முழுத் தகுதி பெற்ற பகுப்பாய்வாளர்கள் 70,000க்கு மேல். உதவியாளர்கள் 1,90,000க்கு மேல். ஒருவர் தலையில் பலரைக் கட்டினால், அவர் எத்தனை அறைக்குத்தான் போவார்?

நிலையம் நடத்துபவர்கள் இதை உணர வேண்டும். மேற்பார்வை நேரம் வீண் செலவு அல்ல. அதுதான் வேலையின் உயிர். பத்துப் பேரைப் பெயருக்கு மேற்பார்வை செய்வதைவிட, நாலு பேரை ஒழுங்காகப் பார்ப்பது மேல்.

பெற்றோர் கேட்க வேண்டும்

அந்தச் சபை 2023 முதல் இந்தியாவில் இருப்பவர்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஆகவே, இங்கே இத்தகைய பயிற்சி தேடும் பெற்றோருக்குப் பொறுப்பு கூடுகிறது.

கேள்விகள் எளியவை. "என் குழந்தையோடு உட்காருபவர் யாரிடம் பழகுகிறார்? அந்தப் பெரியவர் கடைசியாக எப்போது வந்து பார்த்தார்? என்ன திருத்தம் சொன்னார்? குறித்து வைத்த கணக்கை நாங்கள் பார்க்கலாமா? நாங்களும் அறையில் உட்காரலாமா?"

நல்ல இடம் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்லும். முகம் சுளிக்கும் இடத்தில் யோசிக்க வேண்டியதுதான்.

பழகும் இளைஞரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. அவர் கற்க வந்தவர். தவறு செய்யாமல் யாரும் கற்பதில்லை. ஆனால், அவருடைய தவறு ஒரு குழந்தையின் பழக்கமாக ஆகிவிடக் கூடாது. அதைத் தடுக்கும் பொறுப்பு மேற்பார்வையாளருடையது.

படிவத்தில் இடும் கையெழுத்து, "நான் பார்த்தேன்" என்பதற்குச் சாட்சி. பார்க்காமல் போட்ட கையெழுத்து பொய்ச்சாட்சி. கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொன்னால் தண்டனை உண்டு. இங்கே பொய்ச்சாட்சி சொன்னால், தண்டனை அனுபவிப்பது பேசத் தெரியாத குழந்தை.

மேற்பார்வையாளர்கள் பேனாவை எடுக்கும் முன், அறைக்குள் போகட்டும். உட்கார்ந்து பார்க்கட்டும். செய்து காட்டட்டும். அதன் பிறகு போடும் கையெழுத்துக்குத்தான் மதிப்பு!